அண்ணாச்சி பதில்கள்: டேப்லெட்டுக்குத் தனி சிம் வேண்டுமா?

(தென்காசியில் பதினெட்டு வருஷம் மொபைல் கடை வைத்திருந்தவர் நம் அண்ணாச்சி. கடையை மகனிடம் விட்டுவிட்டார், கேள்விகள் மட்டும் இன்னும் அவரைத் தேடி வருகின்றன.)

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. பெங்களூரில் இருக்கும் மகன் எனக்கு ஐபேடு வாங்கித் தருவதாகச் சொல்கிறான். கடையில் விசாரித்தால், "சிம் போடுற மாடலா எடுத்துக்கோங்கம்மா, பின்னாடி வருத்தப்படுவீங்க" என்கிறார்கள். அதற்கு 15,000 ரூபாய் கூடுதல். வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. மாதம் இரண்டு முறை மகளைப் பார்க்க நாகர்கோவில் போவேன். வழியில் கச்சேரி கேட்பேன், வார இதழ் படிப்பேன். சிம் மாடல் வாங்கவா?
— வாசகி, அம்பாசமுத்திரம்

டீச்சரம்மா, வேண்டாம். அவசர வேலை இருக்கிறவர்கள் இத்தோடு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.

கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே வசனத்தை நானும் சொல்லியிருக்கிறேன். 2011, 2012 வாக்கில் டேப்லெட் கேட்டு வந்தவர்கள் பெரும்பாலோர் வீட்டில் வைஃபை என்ற பேச்சே கிடையாது. சிம் போடாத டேப்லெட்டை வாங்கிப் போனால் அது பளபளப்பான சிலேட்டுதான். 1 ஜிபி டேட்டா 250 ரூபாய் பக்கம் விற்ற காலம் அது. போனில் போட்டதை டேப்லெட்டுக்குப் பங்கு வைக்க யாருக்கு மனசு வரும்? 2016 செப்டம்பரில் ஜியோ வந்து அந்தக் கணக்கையே தலைகீழாக்கிவிட்டது. வசனம் மட்டும் மாறவில்லை.

இப்போது உங்கள் கைப்பையில் இருக்கிற போனை எடுங்கள். தினம் ஒன்றரையோ இரண்டோ ஜிபி தருகிற திட்டம்தான் போட்டிருப்பீர்கள். வீட்டில் வைஃபை ஓடுகிற நாளில் அதில் கால்வாசிகூடச் செலவாகாது. கடையில் ராத்திரி ஒன்பது மணிக்கு ரீசார்ஜுக்கு வருகிறவர்களிடம் போனை வாங்கி மீதியைக் காட்டுவேன். "1.7 ஜிபி இருக்கு. இன்னும் மூணு மணி நேரத்துல காலி."

"நான் தூங்கிடுவேனே அண்ணாச்சி?"

"அதனாலதான் காலி."

பெரும்பாலான திட்டங்களில் தினசரி டேட்டாவின் ஆயுசு நள்ளிரவு பன்னிரண்டு மணி வரைதான். மிஞ்சின மாவு மாதிரி ஃபிரிட்ஜில் எடுத்துவைத்து நாளைக்கு ஊற்ற முடியாது. போனில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட்டால் அந்த டேட்டாவே வைஃபை மாதிரி ஐபேடுக்கும் போகும். ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியது தினமும் இப்படி வீணாகப் போகிறபோது, பக்கத்தில் இன்னொரு மீட்டர் எதற்கு?

உங்கள் நாகர்கோவில் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். அம்பையிலிருந்து திருநெல்வேலி, அங்கே வண்டி மாறி நாகர்கோவில். காத்திருக்கும் நேரம் சேர்த்தாலும் திரையைப் பார்க்கிற நேரம் மூன்று மணிக்கு மேல் போகாது. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடுகிற வீடியோ மணிக்கு 450 எம்பி தின்னும். இது யாரும் மாற்ற முடியாத பெருக்கல் கணக்கு. மேடையில் உட்கார்ந்து பாடுகிற வித்வானைப் பார்க்க அந்த வேகமே தாராளம். தம்பூராவில் எத்தனை தந்தி என்று எண்ணப்போகிறீர்களா என்ன? மூன்று மணிக்கு 1,350 எம்பி. இரண்டு ஜிபிக்குள் அடங்கிவிட்டது. வார இதழ் படிப்பதெல்லாம் இதில் ஓரக் காசு.

இன்னும் நல்ல வழி, முந்தின ராத்திரியே வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்வது. ரயிலில் சிக்னல் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, கச்சேரி நடக்கும். சேரன்மகாதேவி தாண்டுகிற நேரத்தில் ஆலாபனை பாதியில் நின்று வட்டம் சுற்றாது.

இனி பணக் கணக்கு. 2025 மார்ச்சில் வந்த, ஏ16 சிப் உள்ள ஐபேடின் அறிமுக விலை, வைஃபை மட்டும் உள்ளது 34,900. சிம் வசதியோடு 49,900. நீங்கள் சொன்ன 15,000 இதுதான். அதற்குத் தனி ரீசார்ஜ் 28 நாளைக்குச் சுமார் 350 ரூபாய் என்று வையுங்கள். நமக்கு வருஷத்துக்கு 12 மாசம், ரீசார்ஜுக்கு 13 மாசம். ஆக 4,550. நாலு வருஷத்துக்கு 18,200. மேலே அந்த 15,000. மொத்தம் 33,200. இன்னும் 1,700 ரூபாய் போட்டால் இரண்டாவது ஐபேடே வாங்கிவிடலாம்.

"போன் சிம்மையே கழற்றி, ஊருக்குப் போகிறபோது மட்டும் போட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு யோசனை வரும். அந்த ஐபேடில் சிம் தட்டே இல்லை, உள்ளேயே பதிந்திருக்கிற இ-சிம் மட்டும்தான். சிம் இருந்தாலும் ஐபேடில் சாதாரணப் போன் பேச்சு கிடையாது. ஆண்ட்ராய்டில் பேசுகிற டேப்லெட்டுகள் உண்டு. முறத்தைக் காதில் வைத்துப் பேசுகிற மாதிரி இருக்கும், விடுங்கள்.

இதெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டதுதான். பேரன் பிறந்த வருஷம் ஒரு சிம் டேப்லெட் வாங்கினேன். கடைக்காரன் வீட்டில் வைஃபை மாடலா என்ற கௌரவம். பதினான்கு ரீசார்ஜ் என் கையாலேயே போட்டேன், பக்கத்து நம்பருக்குப் போடுகிற கையோடு. ஒருநாள் உட்கார்ந்து பார்த்தால் அத்தனை மாசத்திலும் அந்த சிம் வழியே போனது மூன்று ஜிபி சொச்சம். டேப்லெட் வீட்டைத் தாண்டினதே குற்றாலத்துக்கு இரண்டு தடவை. அங்கேயும் அருவியில் நனைந்துவிடுமென்று என் மனைவி அதைப் பையை விட்டு வெளியே எடுக்க விடவில்லை.

அப்படியானால் யாருக்குத்தான் சிம் மாடல்? முதலில், வீட்டில் இணைப்பு இல்லாமல் ஒரே ஒரு போன் இருக்கிற குடும்பம். காலையில் அப்பா வேலைக்குக் கிளம்பினால் இணையமும் கூடவே செருப்பு மாட்டிக்கொண்டு போய்விடும். பிள்ளை டேப்லெட்டை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஊரடங்குக்குப் பிறகு 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை தமிழக அரசு கல்லூரிப் பிள்ளைகளுக்கு தினம் 2 ஜிபி டேட்டா கார்டு இலவசமாகக் கொடுத்ததே, அதெல்லாம் இந்த வீடுகளின் கஷ்டம் தெரிந்துதான். இரண்டாவது, நாள் முழுக்க வெளியில் அலைந்து டேப்லெட்டிலேயே படிவம் நிரப்புகிறவர்கள். போனில் ஹாட்ஸ்பாட்டை எட்டு மணி நேரம் திறந்துவைத்தால் மத்தியானத்துக்குள் பேட்டரி படுத்துவிடும், சட்டைப் பையும் சுடும். மூன்றாவது, மலையடிவாரத்தில் இருக்கிறவர்கள். போனில் ஒரு கம்பெனி, டேப்லெட்டில் வேறொரு கம்பெனி என்று வைத்தால் ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று பிடிக்கும். இரண்டிலும் ஒரே கம்பெனி சிம் போட்டுவிட்டு "ரெண்டுலயும் டவர் இல்ல அண்ணாச்சி" என்று வருகிறவர்களுக்கு நான் டீ மட்டும் வாங்கிக் கொடுப்பேன்.

நீங்கள் இந்த மூன்றிலும் இல்லை. மிச்சம் பிடித்த 15,000-இல் ஒரு நல்ல பவர் பேங்க் வாங்குங்கள், மற்றதை மகனே வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: சிம் போடும் ஆண்ட்ராய்டு டேப்லெட் வைத்திருக்கிறேன். புது சிம் வாங்கி, பேச வேண்டியதில்லையே என்று மலிவான டேட்டா பேக் மட்டும் போட்டேன். பணம் போனது, நெட் வரவில்லை. ஏன்?
— வாசகர், கோவில்பட்டி

தம்பி, நீங்கள் வாங்கியது குழம்பு, சோறு வாங்கவில்லை. அந்த மலிவு பேக்குகள் பெரும்பாலும் ஏற்கெனவே ஓடுகிற அடிப்படைத் திட்டத்தின் மேல் கூடுதலாகப் போடுவதற்கானவை. அடியில் திட்டம் இல்லையென்றால் சும்மா உட்கார்ந்திருக்கும். அடிப்படைத் திட்டம் ஒன்று போட்டதும், பேக் இன்னும் காலாவதியாகாமல் இருந்தால் வேலை செய்யத் தொடங்கும். வீட்டில் யாராவது போஸ்ட்பெய்டு வைத்திருந்தால், அதே திட்டத்தின் கீழ் குடும்ப சிம்மாக ஒன்று சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். தனித் திட்டத்தைவிட அது மலிவு, டேட்டாவையும் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: நீட் வகுப்புக்காக என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு மகனின் வைஃபை டேப்லெட்டுக்குக் கொடுக்கிறேன். வகுப்பு ஒரு மணி நேரம்தான். ஆனால் 2 ஜிபியும் பத்தரை மணிக்கே தீர்ந்து, பிறகு எழுத்துகூட நகர மாட்டேன் என்கிறது. அவன் திருட்டுத்தனமாக கேம் விளையாடுகிறானோ?
— வாசகி, பாளையங்கோட்டை

பையனைத் திட்டிவிட்டீர்களா அம்மா? திட்டியிருந்தால் இன்றைக்கு ஒரு பரோட்டா வாங்கிக் கொடுத்துச் சமாதானம் ஆகிவிடுங்கள். முதல் சந்தேகம் டேப்லெட் மேல்தான் வரவேண்டும்.

வைஃபை என்றாலே டேப்லெட்டுக்குக் கல்யாணப் பந்தி. இலை போட்டதும், காத்திருந்த ஆப் அப்டேட்டுகள், போட்டோ பேக்கப், ஒரு ஜிபிக்கு மேல் இருக்கிற சிஸ்டம் அப்டேட், எல்லாம் வரிசையாக உட்கார்ந்துவிடும். பரிமாறுவது உங்கள் போன் என்று அதற்குத் தெரியாது. சில ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் ஹாட்ஸ்பாட்டைத் தானாகவே கண்டுகொள்ளும், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். வைஃபை செட்டிங்கில் உங்கள் போன் பெயரைத் தொட்டு, உள்ளே போய் அதை "மீட்டர்டு" (அளந்து செலவழிக்கிற இணைப்பு) என்று மாற்றுங்கள். ஐபேடு என்றால் அதே இடத்தில் "லோ டேட்டா மோட்" இருக்கும். பிளே ஸ்டோரில் தானாக அப்டேட் ஆவதையும் நிறுத்துங்கள்.

அடுத்தது வகுப்பு வீடியோ. கரும்பலகை எழுத்து தெரிய வீடியோ தரம் 480 போதும். 1080-இல் வைத்திருந்தால் ஒரு மணி நேரத்துக்கே ஜிபிக் கணக்கில் போகும். எழுத்துகூட நகராததற்குக் காரணம், தினக் கோட்டா முடிந்ததும் வேகத்தைப் பெரும்பாலும் நொடிக்கு 64 கிலோபிட்டுக்கு இறக்கிவிடுவார்கள். அந்த வேகத்தில் 1 எம்பி வரவே இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும்.

இதையெல்லாம் செய்து ஒரு வாரம் பாருங்கள். அதற்குப் பிறகும் பத்தரைக்கே தீர்ந்தால், டேப்லெட்டில் எந்த ஆப் எவ்வளவு தின்றது என்ற பட்டியல் செட்டிங்கிலேயே இருக்கும். அதில் கேம் பெயர் இருந்தால் பரோட்டாக் காசைத் திரும்பக் கேளுங்கள்.

கேள்வி: சிம் இல்லாத டேப்லெட்டில் மேப் வேலை செய்யுமா?
— வாசகர், சங்கரன்கோவில்

வைஃபை மட்டும் உள்ள ஐபேடில், இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கிற ஜிபிஎஸ் சிப்பே கிடையாது, சிம் மாடலில் உண்டு. ஆண்ட்ராய்டில் மாடலுக்கு மாடல் மாறும், வாங்குமுன் பெட்டியில் பாருங்கள். ஜிபிஎஸ் இருந்துவிட்டால் சிம்மும் வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம். மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்தால் வழி காட்டும். காருக்கென்று வாங்குகிறவர்கள் மட்டும் சிம் மாடலுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ரீசார்ஜ் போடாமலே வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: டேப்லெட்டில் போட்டிருந்த சிம்முக்கு ஆறு மாதமாக ரீசார்ஜ் செய்யவில்லை. அப்படியே விட்டுவிடலாமா?
— வாசகர், கடையநல்லூர்

விடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அந்த நம்பரை எங்கெங்கே கொடுத்திருக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பேங்க், ஆதார், மின்வாரியம், எல்லாம். ப்ரீபெய்டு நம்பரை 90 நாள் எதற்குமே பயன்படுத்தாமல் விட்டால் துண்டித்துவிடலாம் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வைத்த விதி. கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு இன்னொரு 30 நாள் வைத்திருப்பார்கள். அதுவும் போனால், கொஞ்ச காலம் கழித்து அந்த நம்பர் வேறொருவர் கைக்குப் போகும், உங்கள் ஓடிபியும் கூடவே.

முதல் பதிலில் சொன்னேனே, என் டேப்லெட் சிம், அதை நான் இப்படித்தான் செத்துப்போக விட்டேன். கேஸ் ஏஜென்சியில் அந்த நம்பரைக் கொடுத்திருந்தது நினைவிலேயே இல்லை. சிலிண்டர் போடுகிற தம்பி வாசலில் நின்று "கோடு சொல்லுங்க அண்ணாச்சி" என்கிறான். போனுக்கு வருகிற அந்த ரகசிய எண் எந்த நம்பருக்குப் போயிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதினெட்டு வருஷமாக ஊருக்கே சிம் விற்றவன், நம்பர் மாற்ற ஆதார் ஜெராக்ஸோடு ஏஜென்சி வரிசையில் நின்றேன். மூன்று நாள் எங்கள் வீட்டில் இட்லி கடையிலிருந்துதான் வந்தது.