வேகப்பெருக்கத்தை எதிலிருந்து கணக்கிடுவது?

கேள்வி: இணைக் கணினிகளின் வேகத்தை அளக்கும் நாசாவின் என்பிபி (NPB) சோதனை நிரல்களை, எட்டு கோர்கள் உள்ள கணினியில் ஓப்பன்எம்பியோடு (OpenMP: நிரலின் வேலையைப் பல கோர்களுக்குப் பங்கிட உதவும் ஏற்பாடு) கம்பைல் செய்து, ஒரு திரெட்டில் (செயல் இழையில்) ஒருமுறையும் எட்டு திரெட்டுகளில் ஒருமுறையும் ஓட்டினேன். இரண்டு நேரங்களின் விகிதத்தையே வேகப்பெருக்கம் (நிரல் எத்தனை மடங்கு விரைவானது என்பது) எனக் கொள்ளலாமா, அல்லது தொடர்முறையில், அதாவது இணையாக்கம் ஏதுமின்றி, தனியாகக் கம்பைல் செய்ய வேண்டுமா?

பதில்: தனியாகக் கம்பைல் செய்யத்தான் வேண்டும். ஒரே திரெட்டில் ஓடும் இணைமுறை நிரலைத் தொடர்முறை நிரலாக எண்ணிவிடக் கூடாது. ஓப்பன்எம்பி ஃபிளாக்கை (கம்பைலருக்குத் தரும் விருப்பக் குறியை) கொடுத்தவுடன், கம்பைலர் ஒவ்வொரு இணைப் பகுதியையும் தனிச் செயற்கூறாகப் பிரித்து ஓப்பன்எம்பி நூலகத்தின் வழியாக அழைக்கிறது. லூப்பைப் பங்கிடும் கணக்கும் அதன் முடிவில் மற்ற திரெட்டுகளுக்காகக் காத்திருக்கும் ஏற்பாடும், இருப்பது ஒரே திரெட் என்றாலும், நிரலை விட்டுப் போவதில்லை. தொடர்முறை நிரல் 100 விநாடியிலும், இணைமுறை நிரல் ஒரு திரெட்டில் 110 விநாடியிலும், எட்டு திரெட்டுகளில் 20 விநாடியிலும் முடிவதாக வைத்துக்கொள்வோம். உங்கள் கணக்கில் வேகப்பெருக்கம் 5.5; பயனருக்கு உண்மையில் கிடைத்ததோ 5 மட்டுமே. இணையாக்கத்துக்காக நாமே ஏற்றிய சுமையை ஆதாயக் கணக்கில் சேர்ப்பது முறையல்ல என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

என்பிபியின் 3.3 பதிப்பில் தொடர்முறைக்கும் ஓப்பன்எம்பிக்கும் தனித்தனி அடைவுகள் உள்ளன. இரண்டிலும் கான்ஃபிக் அடைவிலுள்ள மேக்.டெஃப் (make.def) என்ற அமைப்புக் கோப்பில் ஒரே கம்பைலர், ஒரே மேம்படுத்தல் நிலை இருக்கட்டும். வேறுபாடு ஓப்பன்எம்பி ஃபிளாக் ஒன்றாக மட்டுமே இருக்க வேண்டும். கணக்கின் அளவைக் குறிக்கும் வகுப்புகளில், பி வகுப்பை ஏ வகுப்போடு ஒப்பிடவும் கூடாது. ஒவ்வொரு ஓட்டத்தின் இறுதியிலும் எந்த ஃபிளாக்குகளோடு கம்பைல் ஆனது என்பதை நிரலே அச்சிடும்; நேரத்தைக் குறிக்கும் முன் அந்த வரிகளைப் படித்துவிடுங்கள். மேம்படுத்தல் நிலை ஓரிடத்தில் ஓ3, மற்றோரிடத்தில் ஓ2 என்றிருப்பது அங்கேதான் கண்ணில் படும்.

நினைவகத்தின் வேகத்தை அளக்கும் ஸ்ட்ரீம் (STREAM) போல ஒரே மூலக்கோப்பை இரு விதமாகவும் கம்பைல் செய்யும் நிரல்களில் கூடுதல் கவனம் தேவை. ஃபிளாக்கை மட்டும் மாற்றிவிட்டு, கம்பைல் வேலையை நடத்தும் மேக் (make) கட்டளையைக் கொடுத்தால், மூலக்கோப்பின் தேதி மாறாததால், அது பழைய நிரலையே விட்டுவைக்கக்கூடும். எனவே ஒவ்வொரு முறையும் முதலில், பழைய கம்பைல் கோப்புகளை அழிக்கும் மேக் கிளீன் கொடுங்கள். மேக்குடன் தரும் 'ஜே' ஃபிளாக் கம்பைல் செய்யும் வேலையைத்தான் விரைவாக்கும். நிரலை இணைமுறைக்கு மாற்றாது.

இரண்டு ஓட்டங்களின் விடைகளும் கடைசி இலக்கங்களில் சற்று வேறுபட்டால் அஞ்ச வேண்டாம். பதின்மப் புள்ளி எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் முழுமையாக்கமும் மாறும். என்பிபியின் சரிபார்ப்பு அந்தச் சிறு வேறுபாட்டுக்கு இடம் கொடுத்தே எழுதப்பட்டுள்ளது.