சம்மரியில் மூன்று மதிப்பெண்ணைத் தாண்ட முடியவில்லையா?

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். பத்தாவது வரை தமிழ் மீடியம். ஆங்கிலத் தேர்வில் ஐந்து மதிப்பெண் சம்மரிக்கு எனக்கு இரண்டோ மூன்றோதான் கிடைக்கிறது. கொடுத்த பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கச் சொல்கிறார்கள். எதை வைப்பது, எதை விடுவது என்றே தெரியவில்லை. நல்ல வாக்கியங்களாகப் பார்த்து எடுத்து எழுதினால் 'காப்பி அடித்திருக்கிறாய்' என்கிறார்கள். எப்படிப் பழகுவது?

பதில்: பத்தியைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறீர்கள், சிக்கல் அங்கேதான் இருக்கிறது. கண்ணெதிரே அச்சில் நல்ல ஆங்கிலம் இருக்கும்போது கை அதைத்தான் எழுதும். அதனால் முதலில் பத்தியை இரண்டு முறை படியுங்கள். பிறகு வினாத்தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, 'இந்த ஆள் என்னதான் சொல்ல வருகிறார்?' என்று உங்களுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். தமிழில் இரண்டு மூன்று வாக்கியங்களில் சொல்ல வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வராவிட்டால் பத்தி இன்னும் பிடிபடவில்லை என்று பொருள், மறுபடி படியுங்கள். தமிழ் மீடியத்தில் படித்ததைக் குறையாகச் சொல்கிறீர்கள். இந்த இடத்தில் அது உதவிதான். தமிழில் யோசித்துவிட்டு எழுதும்போது பத்தியின் ஆங்கிலத்தைக் காப்பி அடிக்க வழியே இல்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம். வினாத்தாளில் ஆங்கிலத்தில் வருவதை இங்கே தமிழில் தருகிறேன்:

"அலையாத்திக் காடுகளைப் பலர் பயனற்ற சேற்று நிலம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அவை கடற்கரைக்குக் காவல். பின்னிக் கிடக்கும் வேர்கள் மண் அரிக்காமல் பிடித்துக்கொள்கின்றன, புயல் அலைகளின் வேகத்தைத் தணிக்கின்றன. இறால், நண்டு, கொடுவா எல்லாம் குஞ்சுப் பருவத்தை இந்த வேர்களுக்கிடையேதான் கழிக்கின்றன. 2004 சுனாமியின்போது பிச்சாவரம் காடுகளுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. ஆனாலும் இறால் பண்ணைக்காகவும் விறகுக்காகவும் இவை வெட்டப்படுகின்றன."

இதைக் கொடுத்தால் பெரும்பாலானோர் சுனாமியைத்தான் முதலில் பிடிப்பார்கள். ஆண்டு இருக்கிறது, ஊர்ப் பெயர் இருக்கிறது, முக்கியமாகத்தானே இருக்கும் என்று தோன்றும். ஆனால் அது 'காவல்' என்ற கருத்துக்குக் காட்டிய சான்று மட்டுமே. அதை எடுத்துவிட்டாலும் எழுதியவர் சொல்ல வந்தது குறையாது. சந்தேகம் வரும்போதெல்லாம் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: ஒரு வரியை விரலால் மறைத்துவிட்டுப் படித்தால் வாதம் நிற்கிறதா? நின்றால் அந்த வரி போகலாம். பத்தியே சுனாமியைப் பற்றியதாக இருந்திருந்தால் கதை வேறு.

அடுத்து, முதல் வாக்கியம். அதுதான் மையக் கருத்து என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. இங்கே முதல் வாக்கியம் மற்றவர்களின் தப்பான எண்ணம், எழுதியவருடைய கருத்து அடுத்ததில்தான் வருகிறது. பட், ஹவெவர், இன் ஃபாக்ட், யெட் போன்ற சொற்களைக் கண்டால் பென்சிலால் வட்டமிடுங்கள். பெரும்பாலும் அவற்றுக்குப் பின்னால்தான் விஷயம் இருக்கும்.

இறால், நண்டு, கொடுவா என்ற பட்டியலைக் 'கடலுயிர்களின் குஞ்சுகள்' என்று ஒரே சொற்றொடரில் அடக்கலாம். பண்ணை, விறகு இரண்டும் 'தங்கள் தேவைக்காக' என்பதில் அடங்கிவிடும். இப்படிப் பொதுச் சொல் தேடுவதுதான் சம்மரியில் உண்மையான பயிற்சி. கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சும்:

"அலையாத்திக் காடுகள் பயனற்றவை அல்ல. அவற்றின் வேர்கள் மண்ணரிப்பைத் தடுத்து, புயல் அலைகளைத் தணித்து, கடலுயிர்களின் குஞ்சுகளுக்கு அடைக்கலம் தருகின்றன. ஆனாலும் மனிதர்கள் தங்கள் தேவைக்காக அவற்றை அழித்து வருகிறார்கள்."

பத்தி ஆங்கிலத்தில் 70 சொற்களுக்குள் வரும், இந்தச் சுருக்கம் 25 போல வரும். கணக்குப்படி 23தான், ஆனால் ஓரிரு சொல் கூடினால் ஒன்றும் ஆகாது. சொற்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கவும் வேண்டாம். மூன்று வரிகளை எண்ணிச் சராசரி எடுத்து, மொத்த வரிகளால் பெருக்குங்கள், போதும்.

'ஆகவே நாம் இக்காடுகளைக் காப்போம்' என்று ஒரு வரி சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள். பத்தியில் அது இல்லை. உங்கள் கருத்தை எழுத கட்டுரைக் கேள்வி தனியாக இருக்கிறது.

ஆங்கிலத்தில் எழுதும்போது நீண்ட வாக்கியங்களுக்கு ஆசைப்பட வேண்டாம். ஆண்ட், யெட், பிகாஸ் இந்த மூன்றை வைத்தே ஒழுங்காகக் கோக்கலாம். எழுதியவர் 'ஐ' என்று பேசியிருந்தால் 'த ஆத்தர்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். தலைப்பு மறக்கக் கூடாது. வெறும் 'மேங்ரோவ்ஸ்' என்பது ரொம்ப அகலம், 'மேங்ரோவ்ஸ், த கார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்' என்றால் பத்தி எதைச் சொல்கிறது என்று தெரியும்.

ரஃப் டிராஃப்ட், அதாவது முதலில் எழுதிப் பார்க்கும் வரைவு பற்றி ஒரு வார்த்தை. பலர் இறுதியாகச் சுத்தமாக எழுத வேண்டிய ஃபேர் டிராஃப்டை முதலிலேயே எழுதிவிட்டு, அதையே மேலே இன்னொரு முறை எழுதி அடித்துவிட்டு ரஃப் என்று காட்டுகிறார்கள். பேப்பர் திருத்துபவருக்கு அது பார்த்தவுடனே தெரியும். ரஃபில் சொல் அதிகமாகவே இருக்கட்டும். அதில் வெட்டிக் குறைத்து, ஃபேரில் சுத்தமாக எழுதுங்கள். தேர்வு தொடங்கும்போது வினாத்தாளைப் படிக்கக் கிடைக்கும் பத்து நிமிடத்திலேயே இந்தப் பத்தியை ஒரு தடவை படித்துவிட்டால், எழுத வரும்போது அது பழகிய பத்தியாக இருக்கும்.

பயிற்சிக்குப் பழைய வினாத்தாள்களே போதும். எழுதியதைப் பத்தியைப் படிக்காத ஒருவரிடம், அக்காவோ தோழியோ, கொடுத்து 'என்ன புரிகிறது?' என்று கேளுங்கள். அவர் 'எது?', 'யாரு?' என்று திருப்பிக் கேட்கும் இடத்தில் அளவுக்கு மேல் வெட்டியிருக்கிறீர்கள்.

அப்புறம், தேர்வில் இந்தக் கேள்விக்குச் சம்மரிக்குப் பதிலாக நோட் மேக்கிங்கும், அதாவது பத்தியின் கருத்துகளைக் குறிப்புகளாகவும் எழுதலாம். வாக்கியம் அமைப்பதுதான் உங்களுக்கு இன்னும் தடுமாற்றம் என்றால் அதையும் பழகிப் பாருங்கள், அதில் முழு வாக்கியமே தேவையில்லை. ஆனால் தேர்வு அறையில் உட்கார்ந்து எதை எழுதலாம் என்று யோசிக்காதீர்கள். அரையாண்டுத் தேர்வுக்குள் ஒன்றை முடிவு செய்துவிடுங்கள்.