வசனம் இல்லாத பாட்டு

அண்ணாச்சிக்கு ஸ்தோத்திரம்.

டெக்சாஸ் மாகாணத்துக் கண் தெரியாத கிட்டார்க்காரர் வில்லி ஜான்சனைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு, கெத்செமனே தோட்டத்தில் இயேசு வேண்டியதைப் பற்றிய அவருடைய 'டார்க் வாஸ் த நைட், கோல்ட் வாஸ் த கிரவுண்ட்' பாட்டைத் தேடிக் கேட்டேன். சாயர்புரம் பக்கம் எங்கள் கோயில் பாடகர் குழுவில் நான்தான் கிட்டார். தாத்தா ஓய்வுபெற்ற உபதேசியார். அவருக்கும் போட்டுக் காட்டினேன். "முக்கலும் முனகலுமாத்தான இருக்கு, வசனத்தையே காணோம். இத எப்படில தேவப்பாட்டுன்னு சொல்லுத?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

— ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

தாத்தா கேட்டது பெரிய கேள்வி. ஊர் ஊராய் வசனத்தைச் சுமந்து நடந்தவர் அப்படித்தான் கேட்பார்.

அந்தப் பாட்டுக்கு வசனம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் தாமஸ் ஹாவைஸ் என்ற ஆங்கிலேயப் போதகர் எழுதிய ஞானப்பாட்டு அது. இருட்டு ராத்திரியில், குளிர்ந்த தரையில் ஆண்டவர் விழுந்து கிடந்து வேண்டியதைச் சொல்வது. அமெரிக்கத் தென்பகுதிக் கறுப்பினச் சபைகளில் அதை இப்படிப் பாடுவார்கள்: ஒருவர் ஓர் அடியைச் சொல்வார், சபை அதை வாங்கி மெதுவாக இழுத்து இழுத்துப் பாடும். அந்தக் காலத்தில் எல்லார் கையிலும் புத்தகம் கிடையாது, இருந்தாலும் பலருக்கு வாசிக்கத் தெரியாது. தாத்தாவிடம் கேளுங்கள், இது அவருக்குப் புதிதாக இருக்காது. என் சின்ன வயதில் தேரிக்காட்டு ஓரத்து எங்கள் கோயிலில் லெந்து எனும் தவக்காலப் பாட்டுகளை உபதேசியார் அடியடியாகச் சொல்ல, பனையேறிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் பின்னால் பாடுவதைக் கேட்டிருக்கிறேன். இழுவையில் வார்த்தை கரைந்துபோகும். ராகம்தான் காதில் நிற்கும்.

1927 டிசம்பர் 3 அன்று டல்லாஸில் அந்தப் பாட்டைப் பதிவு செய்தபோது ஜான்சனுக்குப் பின்னால் சபை இல்லை. அவரும் கிட்டாரும்தான். வார்த்தையைக் கீழே வைத்துவிட்டு, சபை இழுக்கும் இழுவையை மட்டும் எடுத்துக்கொண்டார். குரல் முனகி நிறுத்தும் இடத்தில் கிட்டார் ஏற்றுக்கொள்கிறது. அவருடைய மற்றப் பாட்டுகளையும் கேளுங்கள். சில இடங்களில் அடியின் கடைசி வார்த்தையை அவர் பாடவே மாட்டார், கிட்டார்தான் அதைப் பாடி முடிக்கும். கம்பிக்கட்டங்களில் விரலை அழுத்தினால் சுரம் தனித்தனிப் படியாக நிற்கும். அவரோ குப்பிக் கழுத்தையோ கத்தியையோ தந்தியின் மேல் இழைத்தார். கோட்டுவாத்தியத்தில் கட்டையை இழைப்பதுபோல. இரண்டு சுரத்துக்கு நடுவே அழுகை இருக்கிற இடமெல்லாம் அதில் அகப்படும்.

நம் ஊரில் துட்டி வீட்டில், அதாவது சாவு வீட்டில், ராத்திரி முழுக்கப் பாடுவார்களே, இரண்டு மணிக்கு மேல் ஆச்சிமார் களைத்துப்போய், உதட்டை மூடிக்கொண்டு ராகத்தை மட்டும் இழுப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? அப்போது பாட்டு நின்றுபோனதாக யாரும் நினைப்பதில்லை. ரோமர் 8-ஆம் அதிகாரத்தில் 'வாக்குக்கடங்காத பெருமூச்சு' என்று வருவதைத் தாத்தாவுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆவியானவர் நமக்காக வேண்டுவதே அப்படித்தான் என்கிறார் பவுல்.

1977-இல் வாயேஜர் விண்கலத்தில் இந்தப் பாட்டை வைத்து அனுப்பினார்கள். ஜான்சனைப் பற்றி யார் எழுதினாலும் அதைச் சொல்லித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அவர் நடந்த தெருக்கள்தான் பெரிது. சின்ன வயதிலேயே பார்வை போய், பருத்தி விளையும் ஊர்களின் தெருமுனையில் நின்று பாடிப் பிழைத்தவர். 1930-க்குள் 30 பாட்டுகள் பதிவாயின, அதற்குப் பின் ஒன்றுமில்லை. திரும்பவும் தெருதான். 1945-இல் போமாண்ட் நகரில் வீடு எரிந்தது. போக்கிடமில்லாமல் எரிந்த வீட்டுக்குள்ளேயே நனைந்த படுக்கையில் படுத்தார், காய்ச்சல் கண்டு செப்டம்பர் 18 அன்று இறந்தார். தாத்தா இதைத் தெரிந்துகொண்டு இன்னொரு தடவை அந்தப் பாட்டைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

உங்களுக்கு ஒரு வேலை. ஆறு தந்தியையும் சும்மா மீட்டினாலே டி மேஜர் வரும்படி சுருதி சேருங்கள். விரலில் மாட்ட ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி போதும். தாத்தாவுக்குப் பிடித்த லெந்துக் கீர்த்தனையில் ஓர் அடியைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் நிறுத்தியதும் கார்டு (chord) பிடிக்காதீர்கள். மெல்லிய தந்தியில் அந்த அடியை அவர் இழுத்த மாதிரியே இழுங்கள். அடுத்த அடியை அவர் சொல்கிறாரா, கேட்டுக்கொண்டே இருந்துவிடுகிறாரா என்று எனக்கு எழுதுங்கள்.