சோடாரில் 80 மீற்றரில் மட்டும் காற்று குறைவது ஏன்?

சோடார் என்பது ஒலியை மேலே அனுப்பி, திரும்பும் எதிரொலியைக் கொண்டு பல உயரங்களில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி. உங்கள் கருவி பழுதில்லை. அந்த 80 மீற்றர் வாசிப்பில் பனங்கூடலின் எதிரொலி கலந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். பூநகரியில் சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது 60இலும் 100இலும் நல்ல வேகம், நடுவில் மட்டும் பாதி என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் பனைகள் நிற்பதையும் சொல்லியிருக்கிறீர்கள்.

சோடார் மேலே அனுப்பும் ஒலி கொஞ்சம் பக்கவாட்டிலும் கசியும். 80 மீற்றர் தள்ளி நிற்கும் மரத்தில் பட்டுத் திரும்பும் ஒலியும், 80 மீற்றர் உயரத்துக் காற்றிலிருந்து திரும்பும் ஒலியும் ஏறக்குறைய அரை செக்கனில், ஒன்றாகவே வந்து சேரும். அசையும் பொருளில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் சற்று மாறும்; இந்த டொப்ளர் பெயர்ச்சியை வைத்தே கருவி வேகத்தைக் கணிக்கிறது. மரம் இடம்பெயராததால் அதன் டொப்ளர் பெயர்ச்சி பூச்சியம். இரண்டும் கலந்தால் வேகம் குறைந்துதான் தெரியும்.

1. அந்த உயரத்துக்கான நிறமாலையை (எந்தப் பெயர்ச்சியில் எவ்வளவு ஒலி திரும்பியது என்று காட்டும் வரைபடத்தை) திறந்து பாருங்கள். பூச்சியத்தில் ஒரு கூர் அசையாமல் நின்றால் அது மரம்.

2. அப்புறம் அன்டெனாவை 20, 30 பாகை திருப்பி ஒரு நாள் ஓடவிடுங்கள். அந்த வேகக் குறைவு மறைந்தாலோ வேறு உயரத்துக்கு மாறினாலோ சந்தேகமே இல்லை. புதிய திசையை மென்பொருளிலும் பதியுங்கள். இல்லாவிட்டால் காற்றுத்திசை முழுக்கப் பிழைக்கும்.

இரவுத் தரவை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். தரை குளிர்ந்த இரவுகளில் தாழ்ந்த உயரத்தில் காற்று விரைந்து, அதற்கு மேலே தணிவது உண்மையாகவே நடக்கும். நண்பகலையும் பாருங்கள்.

நிலையான எதிரொலியை நீக்கும் வடிகட்டி இருக்கிறதுதான். ஆனால் அது மெல்லிய உண்மைக் காற்றையும் சேர்த்து அழித்துவிடும். பனையைத் தறிக்கவும் வேண்டாம், கருவியை வெளியான இடத்துக்கு நகர்த்துங்கள்.