இங்கிலாந்தின் பாரம்பரிய வேளாண் கண்காட்சிக்கு ஒரு நாள் போனால், எதைத் தவறவிடக் கூடாது?

காலையில் நடக்கும் கால்நடைப் போட்டிகளைத் தவறவிடாதீர்கள். பலர் மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்து, டிராக்டர்களையும் தின்பண்டக் கடைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு மனம் ஆறுவதே இல்லை.

யார்க்‌ஷயரின் ஹாரோகேட் நகரில் ஜூலையில் நான்கு நாள் நடக்கும் கிரேட் யார்க்‌ஷயர் ஷோவை வைத்துச் சொல்கிறேன். வேளாண்மையை மேம்படுத்துவதற்காக 1837-இல் தொடங்கிய வேளாண் சங்கம், மறு ஆண்டே இதை நடத்த ஆரம்பித்தது. அந்த நோக்கம் இன்றும் உயிரோடு இருப்பது போட்டிக் களத்தில்தான்.

ஆட்டுப் பட்டிகளின் பக்கம் போய் நில்லுங்கள். நடுவர் வெறும் கண்ணால் பார்த்து முடிவு சொல்வதில்லை. ஆட்டின் முதுகில் கையை அழுத்திச் சதைப்பிடிப்பை அளக்கிறார். வாயைத் திறந்து பல் பிடித்துப் பார்க்கிறார். நடக்கவிட்டுக் கால் வைப்பைக் கவனிக்கிறார். கறுத்த முகமும் வெளுத்த மூக்கும் முறுக்கிய கொம்புமாக நிற்பவை ஸ்வேல்டேல் ஆடுகள். அவற்றின் கம்பளிக்குச் சதுப்பு நிலத்து மக்கு மண்ணால் பழுப்பு நிறம் ஏற்றிக் கொண்டுவருவது வழக்கம். முதல் பரிசுக்குச் சிவப்பு ரிப்பன், இரண்டாவதுக்கு நீலம், மூன்றாவதுக்கு மஞ்சள்.

மாட்டுக் களத்தில் சிறுவர்களுக்கான பிரிவு வந்தால் கட்டாயம் பாருங்கள். ஒருமுறை வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு சிறுமியின் கன்று நடுக்களத்தில் அடம்பிடித்து நின்றுவிட்டது. அவள் கயிற்றை இழுக்கவில்லை. அதன் தோளில் கை வைத்துக் காத்திருந்தாள். கன்று தானாக நடந்தது. அந்தப் பொறுமை வீட்டுத் தொழுவத்தில் மாதக்கணக்கில் பழகி வந்தது.

2001-இல் கோமாரி நோய் பரவியபோது, அதைத் தடுக்க பிரிட்டனில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். அந்த ஆண்டு இந்தக் கண்காட்சியும் நடக்கவில்லை. தலைமுறைகளாகப் பேணிய மந்தை ஒரே நாளில் போவது என்னவென்று அங்குள்ள வயதான விவசாயிகளுக்குத் தெரியும். கொட்டகையில் மாட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள், மனம் விட்டுச் சொல்வார்கள்.

பரிசு வென்ற மாடுகளின் அணிவகுப்பு பிறகு பெரிய மைதானத்தில் நடக்கும், அதற்கு முன்பே இடம் பிடியுங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். சேறு தாங்கும் காலணியும் வேண்டும்: 2012-இல் மழையால் முதல் நாளோடு கண்காட்சியையே நிறுத்த வேண்டியதாயிற்று.