களாப்பழ ஜாம்: கேள்வி பதில்

தேனி: களாப்பழ ஜாமுக்குச் சரியான அளவு என்ன?

கறுக்கப் பழுத்தது முக்கால் கிலோ, செங்காய் கால் கிலோ. ஜாமை உறைய வைக்கும் பெக்டின் செங்காயில்தான் அதிகம். காம்பைக் கிள்ளினால் பால் கசிந்து பிசின்போல ஒட்டும். விரலில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கிள்ளிய பழத்தை உப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு இரண்டு முறை அலசுங்கள். அரை லிட்டர் தண்ணீரில் குழைய வேகவிட்டு, சல்லடையில் தேய்த்துக் கொட்டையை நீக்குங்கள். விழுதை நிறுத்து, அதே எடைக்குச் சர்க்கரை. சர்க்கரை கரையும்வரை சிறுதீ, பிறகு பெருந்தீ. எலுமிச்சை தேவையில்லை, களாவின் புளிப்பே போதும். அலுமினியச் சட்டி கூடவே கூடாது, புளிப்பு அதை அரிக்கும். எவர்சில்வர்தான்.

மதுரை: 5 கிலோ ஒரே தடவையாகக் கிண்டலாமா?

வேண்டாம். ஒரு சட்டிக்கு ஒரு கிலோ விழுது. அதற்கு மேல் போனால் நீர் வற்ற நேரமாகும். அவ்வளவு நேரம் புளிப்போடு கொதித்தால் பெக்டின் சிதைந்துவிடும். நிறம் மங்கி, ஆறிய பிறகும் பாகாகவே நிற்கும்.

ஊட்டி: தெர்மாமீட்டரில் 105 டிகிரி வரும்வரை வைத்தேன். மிட்டாய் மாதிரி இறுகிவிட்டது.

105 சமவெளிக் கணக்கு. ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். ஊட்டி 2,240 மீட்டர்; அங்கே தண்ணீரே 93-க்குள் கொதித்துவிடும். அதோடு 5 கூட்டுங்கள்: 97, 98-இல் இறக்கியிருக்க வேண்டும்.

காரைக்குடி: தெர்மாமீட்டர் எதற்கு? கம்பிப்பதம் பார்த்தால் போதுமே.

கம்பிப்பதம் வெறும் சர்க்கரைப்பாகுக்கு. ஜாமில் கம்பி வரும்வரை காத்திருந்தால் பதம் தாண்டிவிடும்.

காரைக்குடி: எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒன்றும் கெடவில்லை.

கெடாது, கட்டியாகும். கைப்பதம்தான் வேண்டுமென்றால், ஃப்ரீசரில் குளிரவைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் பதம். பார்க்கும்போது அடுப்பை அணைத்து வையுங்கள்.

ஊட்டி: இரண்டுமே இல்லாமல் வழி உண்டா?

உண்டு, தராசு. வெறும் சட்டியின் எடையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ சர்க்கரை போட்டிருந்தால், சட்டி எடை போக ஜாம் ஒன்றரைக் கிலோவுக்கு வற்றியதும் இறக்குங்கள். மலையோ சமவெளியோ, கணக்கு மாறாது. எனக்கு இதுதான் முதல் தேர்வு.

சேலம்: சர்க்கரையைப் பாதியாக்கலாமா?

உறைவது கடினம், பூஞ்சையும் சீக்கிரம் வரும். குளிர்பெட்டியில் வைத்துச் சில வாரங்களில் தீர்த்துவிடுங்கள். விற்பதற்கானால் கரைதிடம் (ஜாமில் கரைந்திருக்கும் சர்க்கரை முதலியவற்றின் பங்கு) 65 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது.

கடலூர்: நாவல்பழத்தில் உறையவே மாட்டேன் என்கிறது.

பெக்டின் போதவில்லை. நாலில் ஒரு பங்கு களாச் செங்காய் சேர்த்து வேகவையுங்கள். கொட்டையோடு நெடுநேரம் வேகவிட்டால் துவர்ப்பு ஏறும்.

திண்டுக்கல்: மலையில் பறித்த பழத்தின் படம் அனுப்பினால் பெயர் சொல்வீர்களா?

படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். அந்த ஊரில் தின்று பழகியவர்களிடம் நேரில் காட்டுங்கள்.

விருதுநகர்: 3 கிலோ ஒரே சட்டியில்?

ஒரு கிலோ. காரணம் மதுரைக்கான பதிலில்.

ஈரோடு: அலுமினியக் குண்டான்தான் இருக்கிறது.

கூடாது.

நாகர்கோவில்: பத்து நாளில் மூடிக்குக் கீழே பூஞ்சை.

ஆறிய பிறகு பாட்டிலில் ஊற்றியிருப்பீர்கள், அல்லது பாட்டிலில் ஈரம் இருந்திருக்கும். கொதிநீரில் 10 நிமிடம் போட்டெடுத்து உலர்த்திய பாட்டில் சூடாக இருக்கும்போதே, ஜாமைச் சுடச்சுட விளிம்புக்கு அரை விரல் கீழ்வரை நிரப்பி உடனே மூடுங்கள். பூத்ததை வழித்தெடுத்துச் சாப்பிடாதீர்கள், பாட்டிலோடு கொட்டிவிடுங்கள்.