பணம் போகாத செலவுதானே, தேய்மானத்தைக் கண்டுகொள்ளாமல் விடலாமா?

கேள்வி: கம்பெனிகளின் இலாப நட்டக் கணக்கில் ‘தேய்மானம் மற்றும் அமார்டைசேஷன்’ என்று ஒரு வரி வருகிறது. கையிலிருந்து பணம் போகாத செலவு அது என்கிறார்கள். அப்படியென்றால் பங்கு வாங்கும்போது அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா?

விடக்கூடாது. பணம் போகாத செலவு என்பது பாதி உண்மைதான். இந்த வருடம் போகவில்லை, அவ்வளவுதான். இயந்திரம் வாங்கிய அன்றே பணம் மொத்தமாகப் போய்விட்டது. அன்று செலவாக எழுதாமல் வைத்ததைத்தான் இப்போது வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறார்கள்.

நான் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் பதினெட்டு வருடம் கணக்குப் பார்த்தவன். பள்ளிக்கூடத்துக் கணக்குப்பதிவியலிலேயே தேய்மானம் படித்திருந்தேன். நேர்க்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை, எறிமதிப்பு எல்லாம் மனப்பாடம். ஆனாலும் அது எதற்காக என்று உறைத்தது வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம்தான். வருடக் கணக்கை முடித்து முதலாளியிடம் கொண்டுபோய் வைத்தேன். நிதானமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஏந்தம்பி, புஸ்தகத்துல லாபம்னு போட்டிருக்கீங்க, பேங்க்ல அவ்வளவு பணத்தைக் காணமே, எங்க போச்சு?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையான சந்தேகம். எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று இரவு உட்கார்ந்து போட்டுப் பார்த்த கணக்கைத்தான், எண்களை எளிதாக்கி, இங்கே தருகிறேன்.

30 லட்ச ரூபாய்க்கு ஓர் இயந்திரம் வாங்குகிறோம். கம்பெனிகள் சட்டம் 2013-இன் இரண்டாம் அட்டவணை, பொதுவான இயந்திரங்களுக்கு 15 வருட ஆயுள் சொல்கிறது. கடைசியில் விற்றால் கிடைக்கும் எறிமதிப்பு 5 சதவீதம், அதாவது 1.5 லட்சம். மீதி 28.5 லட்சத்தை 15-ஆல் வகுத்தால் வருடத்துக்கு 1.9 லட்சம் தேய்மானம். வாங்கிய வருடம் கையிலிருந்து போனது 30 லட்சம், கணக்கில் செலவாக ஏறியது 1.9 லட்சம் மட்டும். அடுத்த 14 வருடம் ஒரு பைசா போகாது, ஆனாலும் வருடா வருடம் 1.9 லட்சம் ஏறும். முழு விலையையும் முதல் வருடக் கணக்கின் தலையில் ஏற்றினால் அந்த வருடம் பெரிய நட்டம் தெரியும், பிறகு 14 வருடம் பொய்யான லாபம் தெரியும். அதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு.

சரி, முதலாளியின் கேள்விக்கு வருவோம். அந்த 30 லட்சத்தில் 24 லட்சம் வங்கிக் கடன், 6 வருடத் தவணை. வருடத்துக்கு 4 லட்சம் அசல் கட்ட வேண்டும். வட்டி இலாப நட்டக் கணக்கில் செலவாக வரும். அசல் வராது, வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது செலவே இல்லை. இப்போது வட்டி, தேய்மானம், வரி எல்லாம் போக லாபம் 5 லட்சம் என்று வையுங்கள். தேய்மானத்துக்குப் பணம் போகவில்லை, ஆகவே உண்மையில் கைக்கு வந்தது 6.9 லட்சம். அதில் அசல் 4 லட்சம் போய்விட்டால் மிச்சம் 2.9 லட்சம். புத்தகத்தில் 5, வங்கியில் 2.9. அவர் கேட்ட பணம் போன இடம் இதுதான்.

ஆனால் எனக்கு அதிகம் கவலை தந்தது ஏழாம் வருடம். கடன் தீர்ந்துவிட்டது. லாபம் அதே 5 லட்சம் என்றே வையுங்கள், கையில் நிற்பது 6.9 லட்சம். திடீரென்று செழிப்பு வந்த மாதிரி இருக்கும். அந்தக் கூடுதல் 1.9 லட்சம் லாபமே அல்ல, தேய்ந்துகொண்டிருக்கும் இயந்திரத்தின் விலை. அதை எடுத்து நிலம் வாங்கிப் போட்டு, இயந்திரத்தை மாற்ற வேண்டிய வருடத்தில் மறுபடி முழுக் கடனுக்கு வங்கி வாசலில் நின்ற சிறு ஆலைகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் முதலாளி இதைப் புரிந்துகொண்ட பிறகு, தேய்மானத் தொகையில் ஒரு பங்கை வருடா வருடம் தனி டெபாசிட்டில் போட ஆரம்பித்தார். சட்டம் அப்படிக் கேட்கவில்லை, அவராகச் செய்தார்.

இனி அந்த 15 வருடம் என்ற எண்ணுக்கு வருகிறேன். இயந்திரத்தின் ஆயுள் ஒரு மதிப்பீடுதான். அதே அட்டவணை, மூன்று ஷிஃப்ட் ஓடும் இயந்திரத்துக்குத் தேய்மானத்தை இரட்டிப்பாக்கச் சொல்கிறது. நூற்பாலைகள் பெரும்பாலும் மூன்று ஷிஃப்ட்தான். அப்படியானால் நம் இயந்திரத்துக்கு வருடம் 3.8 லட்சம், ஏழரை வருடத்தில் கணக்கு முடிந்துவிடும். தொழில்நுட்பக் காரணம் காட்டினால் அட்டவணையிலிருந்து விலகி வேறு ஆயுளும் வைத்துக்கொள்ளலாம். ஆக, லாபம் என்ற எண்ணுக்குள் நிர்வாகத்தின் ஓர் அபிப்பிராயம் உட்கார்ந்திருக்கிறது.

இது எவ்வளவு பெரிய அபிப்பிராயம் என்பதற்கு கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டைப் பாருங்கள். 2023-இல் தன் சர்வர்களின் ஆயுளை 4 வருடத்திலிருந்து 6 வருடமாக மாற்றியது, சில நெட்வொர்க் சாதனங்களின் ஆயுளையும் நீட்டியது. அந்த ஒரு முடிவால் அந்த வருடத் தேய்மானம் 390 கோடி டாலர் குறைந்தது, நிகர லாபம் 300 கோடி டாலர் கூடியது. ஒரு விளம்பரம்கூடக் கூடுதலாக விற்காமல் வந்த லாபம் அது. இதில் தவறு ஒன்றும் இல்லை, ஆண்டறிக்கையில் வெளிப்படையாகவே சொன்னார்கள். 2025 ஜனவரியில் இன்னும் சுவையான ஒன்று நடந்தது. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா தன் சர்வர்களில் பெரும்பாலானவற்றின் ஆயுளை ஐந்தரை வருடமாக நீட்டியது. அதே மாதம் அமேசான், செயற்கை நுண்ணறிவின் வேகத்தைக் காரணம் காட்டி, தன் சர்வர்களில் ஒரு பகுதியின் ஆயுளை 6-லிருந்து 5 வருடமாகக் குறைத்தது. ஏறக்குறைய ஒரே மாதிரிச் சாமானுக்கு இரண்டு எதிரெதிர் முடிவுகள். இரண்டின் லாபத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர் இதைத் தெரிந்துகொண்டுதான் ஒப்பிட வேண்டும்.

இதே நெம்புகோலைத் தவறாக இழுத்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் வேஸ்ட் மேனேஜ்மென்ட் குப்பை அள்ளும் நிறுவனம். குப்பை லாரிகளுக்கு ஆயுளை நீட்டியும், ஆதாரமில்லாமல் எறிமதிப்பை ஏற்றியும் தேய்மானத்தைக் குறைத்துக் காட்டி வந்தது. 1998-இல் முந்தைய வருடங்களின் கணக்கைத் திருத்தியபோது 170 கோடி டாலர் லாபம் காணாமல் போனது. 2002-இல் வெளிவந்த, அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான வேர்ல்டுகாமின் மோசடி வேறு வகை. மற்ற தொலைபேசி நிறுவனங்களுக்குக் கட்டிய இணைப்புக் கட்டணத்தை, அதாவது அன்றாட வருவாயினச் செலவை, சொத்து வாங்கிய முதலினச் செலவு போல எழுதிவிட்டார்கள். அந்த வருடமே கழிய வேண்டியது பல வருடத் தேய்மானமாகப் பரவி, லாபம் கொழுத்துத் தெரிந்தது. முதலில் வெளியே வந்த தொகை மட்டும் 380 கோடி டாலர்.

நம் ஊர் அறிக்கைகளைப் படிக்கும்போது பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. கம்பெனிச் சட்டத் தேய்மானம் வேறு, வருமான வரித் தேய்மானம் வேறு. வரிக் கணக்கில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனியாகப் பார்க்க மாட்டார்கள். ஒரே வகைச் சொத்துகளை ஒரு பிளாக்காகச் சேர்த்து, மிச்ச மதிப்பில் சதவீதம் போடுவார்கள். பொது இயந்திரங்களுக்கு 15 சதவீதம், கம்ப்யூட்டருக்கு 40. எங்கள் பகுதி ஆலைக்காரர்கள் முப்பந்தலிலும் உடுமலைப் பக்கமும் காற்றாலை போட்டதற்குப் பெரிய காரணமே இதுதான். பல வருடங்கள் காற்றாலைக்கு 80 சதவீதத் தேய்மானம் இருந்தது. 2012 ஏப்ரலில் அது நின்றது, 2014-இல் மறுபடி வந்தது, 2017 ஏப்ரலிலிருந்து 40 சதவீதமானது. 5 கோடிக்குக் காற்றாலை போட்டால் 80 சதவீதம் இருந்த காலத்தில் முதல் வருடமே வரிக் கணக்கில் 4 கோடி கழியும். கம்பெனிச் சட்டப்படி அதன் ஆயுள் 22 வருடம், ஆகவே புத்தகத்தில் ஏறுவது சுமார் 21.6 லட்சம் மட்டும். 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் வரிக் கணக்கில் பாதிதான் கிடைக்கும் என்பதால், செப்டம்பர் முடிவதற்குள் ஓட வைத்துவிட வேண்டும் என்று நாங்கள் பட்ட அவசரம் இன்னும் நினைவிருக்கிறது.

இப்படி இன்று மிச்சமான வரி பின்னால் வரும் வருடங்களில் கட்ட வேண்டியது. அதைத்தான் இருப்புநிலைக் குறிப்பில், அதாவது கம்பெனியின் சொத்தையும் கடனையும் காட்டும் பட்டியலில், ‘ஒத்திவைக்கப்பட்ட வரிப் பொறுப்பு’ என்று காட்டுகிறார்கள். தேய்மானத்தால் பணம் மிச்சமாகும் வழி இந்த வரி ஒன்றுதான். ரொக்க ஓட்ட அறிக்கையில் லாபத்தோடு தேய்மானத்தைக் கூட்டியிருப்பதைப் பார்த்து, தேய்மானம் பணம் கொண்டுவருகிறது என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் கழித்ததைத் திரும்பக் கூட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

அமார்டைசேஷனும் இதே வேலைதான், கண்ணுக்குப் புலனாகாத சொத்துகளுக்கு. ஏலத்தில் எடுத்த அலைக்கற்றைக்கு 20 வருட உரிமை. அதன் விலையைத் தொலைபேசி நிறுவனங்கள் அந்தக் காலம் முழுவதும் பிரித்து எழுதுகின்றன. மென்பொருள், காப்புரிமை எல்லாம் இப்படியே. ஆயுளுக்கு எல்லை சொல்ல முடியாத பிராண்டு, ஒரு கம்பெனியை வாங்கும்போது கூடுதலாகக் கொடுத்த நற்பெயர் மதிப்பு இரண்டுக்கும் அமார்டைசேஷன் கிடையாது. மதிப்பு விழுந்துவிட்டதா என்று வருடத்துக்கு ஒரு தரம் சோதிப்பார்கள். விழுந்திருந்தால் ஒரே அடியாக எழுதித் தள்ளுவார்கள். 2020-இல் இந்துஸ்தான் யூனிலீவர் ஹார்லிக்ஸ் என்ற பெயரின் இந்திய உரிமையை 3,045 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அது சொத்தாக நிற்கிறது. ஆனால் ஒரு கம்பெனி தானே பல வருடம் வளர்த்த பெயர் எவ்வளவு பெரியதானாலும் இருப்புநிலைக் குறிப்பில் வராது. இது எனக்கு இன்றும் முழுதாக ஒப்பவில்லை, ஆனால் விதி அதுதான்.

வட்டி, வரி, தேய்மானம், அமார்டைசேஷன் எல்லாவற்றையும் கழிப்பதற்கு முந்தைய லாபமான எபிட்டாவைப் பற்றியும் ஒரு சொல். 2019 ஏப்ரலிலிருந்து புதிய குத்தகைக் கணக்கு விதி வந்தது. நீண்ட கால வாடகைக்குக் கடை நடத்தும் நிறுவனங்களுக்கு அந்த வாடகை, தேய்மானமாகவும் வட்டியாகவும் மாறிவிட்டது. கடையும் வாடகையும் பழையபடியே, எபிட்டா மட்டும் ஒரே நாளில் ஏறியது. அதனால் துணிக்கடை, உணவகச் சங்கிலி போன்றவற்றின் 2019-க்கு முந்தைய எபிட்டாவைப் பிந்தையதோடு அப்படியே ஒப்பிடாதீர்கள்.

ஆண்டறிக்கையில் எங்கே பார்ப்பது? ‘கணக்கியல் கொள்கைகள்’ என்ற குறிப்பில் எந்தச் சொத்துக்கு எத்தனை வருட ஆயுள், எந்த முறை என்று இருக்கும். போட்டிக் கம்பெனியின் குறிப்போடு ஒப்பிடுங்கள். அப்புறம் சொத்துப் பட்டியல்: கிராஸ் பிளாக் வாங்கிய விலை, நெட் பிளாக் தேய்ந்தது போக மிச்சம். இதுவரை தேய்ந்த தொகை வாங்கிய விலையில் எண்பது சதவீதத்தைத் தொட்டிருந்தால் இயந்திரங்கள் கிழடு தட்டிவிட்டன என்று பொருள். கடைசி ஐந்து வருடம் புதிதாக வாங்கியது தேய்மானத்தைவிடக் குறைவாக இருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: புதிய கணக்கியல் தரநிலைகளுக்கு மாறியபோது பல கம்பெனிகள் அன்றைய நெட் பிளாக்கையே புது விலையாக எடுத்துக்கொண்டன. முதலில் மாறியவர்களுக்கு அந்தத் தேதி 2015 ஏப்ரல் 1. அவர்களுடைய பட்டியலில் முப்பது வருட இயந்திரமும் 2015-இல் வாங்கியது போலத் தெரியும், ஆகவே அந்தத் தேதிக்கு முந்தைய அறிக்கை ஒன்றையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.